வந்தியத்தேவனுக்குப் பஞ்சர் ஆகவில்லை



'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரு பாகங்களாகத் திரைக்கு வந்த பிறகு, 'வந்தியத்தேவன் சென்ற வழி' என்று குளிரூட்டப்பட்ட மகிழுந்துகளில் வீராணம் ஏரிக்கரையில் விரைகிற அன்பர்கள் பெருகிவிட்டார்கள். காலையில் சென்னையில் இட்டலி, இரவில் தஞ்சாவூரில் தோசை, நடுவே ஏரிக்கரையில் நான்கு நிழற்படங்கள். நல்லதுதான், நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படிப் போய்வந்த இளைய நண்பர் ஒருவர் சென்ற மாதம் எங்களிடம், "ஏரிக்கரையில் காற்று அருமையாக இருந்தது" என்று சொன்னார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் காற்றைப் பற்றி எங்களுக்கும் சில சேதிகள் தெரியும். அவற்றைச் சொல்லவே இக்கட்டுரை.

2006 ஆம் ஆண்டு. எங்கள் வாசகர் வட்டம் அப்போது சிதம்பரத்தில் ஞாயிறுதோறும் மாலை ஒரு மொட்டைமாடியில் கூடிக்கொண்டிருந்தது. வட்டம் என்றால் பெரிய வட்டமில்லை. ஐந்து பேர்; மழைக்காலத்தில் மூன்று பேர். ஒரு ஞாயிறன்று, வீரநாராயண ஏரியின் வடமுனையிலிருந்து குடந்தைச் சோதிடர் வீட்டு வாசல்வரை வந்தியத்தேவன் குதிரையிலும் ஓடத்திலுமாக வந்த தொலைவு எவ்வளவு, பிடித்திருக்கக்கூடிய நேரம் எவ்வளவு என்று விவாதம் எழுந்தது.  கடம்பூரில் இராத் தங்கியதைக் கழிக்க வேண்டும் என்றார் ஒருவர். குதிரை களைத்திருந்ததைக் கூட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். அதுவரை பேசாமலிருந்த ஐயா, "சைக்கிள்ல போய்ப் பாத்துட்டா தெரிஞ்சுட்டுப் போவுது" என்றார்.

ஐயா எங்களில் மூத்தவர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அப்போது அவருக்கு வயது 66. எங்களுள் இருவர் அவரிடம் பள்ளியில் படித்தவர்கள் என்பதால் மற்ற இருவருக்கும் அவர் ஐயாவாகிவிட்டார். 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் கதை தொடங்கியபோது அவர் பத்து வயதுச் சிறுவன். அவருடைய தந்தையார் வாராவாரம் வீட்டுக் கூடத்தில் உரக்கப் படிப்பாராம். சிறு வயதில் வந்த ஏதோ நோயால் ஐயாவுக்கு இடது காது ஏறக்குறையக் கேட்காது. ஆதலால் தந்தையாரின் இடப்பக்கம், தம் வலது காதை அவர் பக்கமாக நீட்டிக்கொண்டு உட்காருகிற உரிமை தமக்கே இருந்ததென்றும், அதற்காக அண்ணன்மாரிடம் அடி வாங்கியதுண்டென்றும் சொல்வார். 1954-இல் கதை முடிந்த வாரம் அந்தக் கூடத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

"ஆடிப்பெருக்கன்னிக்குத்தான் போவணும். மொத அத்தியாயத்துக்குப் பேரே ஆடித் திருநாள்" என்றார் ஐயா. அந்தக் கரையில் நூறு முறை பேருந்தில் போயிருக்கிறாராம்; நூறு முறையும் ஏரி எதிர்வரிசைச் சன்னலில்தான் இருந்ததாம்.

திட்டமிடும் பணியில் நாங்கள் காட்டிய ஊக்கத்தை மிதிப்பதில் காட்டியிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது. முதற்காரியமாகப் பதவிகளைப் பகிர்ந்துகொண்டோம். வழிவரைபடம் தீட்டிய வங்கி நண்பர் சேனாதிபதி ஆனார். செலவுக்கணக்கு வைத்திருந்தவருக்குப் 'புரவுவரி' என்ற சோழர் காலத்துத் திணைக்களப் பெயரைச் சூட்டினோம். குறிப்பேடும் பேனாவும் வைத்திருந்தவர் 'திருமந்திர ஓலை'. தமக்கு மிதிவண்டி பழுதுபார்க்கத் தெரியும் என்று தாமாகவே அறிவித்துக்கொண்ட நான்காமவர் 'குதிரைச்சேவகர்'. ஐயாவுக்குப் பெரிய பழுவேட்டரையர் பட்டம் அளிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். "அவருக்கு அறுபத்து நாலு விழுப்புண். எனக்கு மூட்டுவலி ஒண்ணுதான் இருக்கு. ஆனாலும் ஏத்துக்கறேன்" என்றார்.

அவருடைய வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் வாங்கிய ராலே, 24 அங்குலச் சட்டம். டைனமோ உண்டு. கம்பி பிரேக்கு. சங்கிலிக்கு முழு உறை இருந்ததால் வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டலாம். எங்கள் வண்டிகளெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

முதல் நாள் மாலை ஐயாவின் துணைவியாரிடம் விடைபெறச் சென்றோம். அம்மா தைலக்குப்பி ஒன்றையும், துணியில் முடிந்த சுக்குப் பொடியையும் எங்களிடம் கொடுத்தார். ஐயாவிடம் கொடுக்கவில்லை; கொடுத்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவாராம். "முழுசா அனுப்பறேன், முழுசாத் திருப்பிக் கொண்டாந்து விடுங்க. சைக்கிள் எப்படி வந்தாலும் எனக்குக் கவலையில்ல" என்றார். சேனாதிபதி நெஞ்சில் கைவைத்து உறுதி கூறினார். நாங்கள் அனைவரும் தலையசைத்தோம். இதை நினைவில் கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

விடியற்காலை நாலரை மணிக்குச் சிதம்பரத்திலிருந்து புறப்பட்டோம். புறப்பட்ட இருநூறாவது அடியில் முதல் விழுப்புண்: புரவுவரி பக்கவாட்டு ஸ்டாண்டை மடக்காமலே ஏறிவிட்டார். இடப்பக்கம் திரும்புகையில் ஸ்டாண்டு தரையில் ஊன்றி, வண்டி நின்றது, அவர் நிற்கவில்லை. முழங்கையில் சிராய்ப்பு. அவரைத் தூக்கிவிட்டதற்குப் பிறகு சேத்தியாத்தோப்புவரை சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. இருட்டில் ஐயாவின் டைனமோ விளக்கு மட்டும் முன்னே சென்றது. அதன் பின்னே நாங்கள் சென்றோம்.

ஏழு மணிவாக்கில் சேத்தியாத்தோப்பில் தேநீர் அருந்திவிட்டுக் கரைமேல் ஏறினோம். ஏறினதும் பேச்சு நின்றுவிட்டது. முதலாம் பராந்தகன் காலத்தில், அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் ஏரி. பராந்தகனின் விருதுப்பெயரால் வீரநாராயண ஏரி. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளம். கொள்ளிடத்து நீர் அணைக்கரையிலிருந்து வடவாறு வழியாக இதற்கு வருகிறது. வயல்களுக்குப் போவது போக, 2004 முதல் சென்னைக்கும் குடிநீராகப் போகிறது. எதிர்க்கரை தெரியாத அந்த நீர்ப்பரப்பின்மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐயா இறங்கி வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, வெகுநேரம் வாளா நின்றார். திருமந்திர ஓலை பேனாவைத் திறந்தார். "எழுதாதீங்க தம்பி, பாருங்க" என்றார் ஐயா.

அதன்பிறகுதான் காற்று எங்களைக் கவனித்தது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாமெல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பழமொழியை அம்மியின் நிலையிலிருந்து சிந்தித்துப் பார்த்தவர்கள் குறைவு. சாலை, ஏரியின் கீழ்க்கரைமீது தெற்கு நோக்கிச் செல்கிறது. வலப்பக்கம் நீர், இடப்பக்கம் சரிவு, சரிவின் கீழே வயல்கள். ஆடி மாதத்துக் காற்றோ மேற்கிலிருந்து வருவது. நடுவில் மரமோ மேடோ இல்லாமல், ஏரியின் முழு அகலத்தையும் கடந்து, நேராக எங்கள் வலப்பக்க விலாவில் வந்து மோதிற்று. நேராக ஓட்ட வேண்டுமானால் வலப்பக்கம் சாய்ந்தே ஓட்ட வேண்டும். பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு ஐந்து பேரும் ஏரியிடம் ஏதோ இரகசியம் கேட்பதுபோலத் தோன்றியிருக்கும். சேனாதிபதி மூன்று வண்ண மைகளில் தீட்டிய வழிவரைபடம் ஐந்தாவது நிமிடத்தில் அவர் சட்டைப்பையை விட்டுக் கிளம்பிச் சரிவைத் தாண்டி ஒரு நாற்றங்காலில் இறங்கியது. நடவு செய்துகொண்டிருந்த பெண்களில் ஒருவர் அதை எடுத்து உயர்த்திக் காட்டினார். சேறு சொட்டியது. "வேணாங்க, நீங்களே வச்சுக்குங்க" என்று சேனாதிபதி கத்தினார். பாதை நேர்பாதை, திரும்புவதற்கு இடமே இல்லை என்பதால் பெரிய இழப்பில்லை என்று நாங்கள் ஆறுதல் கூறினோம். அவர் ஆறவில்லை.

குதிரைச்சேவகரின் முன்சக்கரம்தான் முதலில் காற்றிழந்தது. கருவேல முள். தம் கலையைக் காட்ட வாய்ப்புக் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் டயரைக் கழற்றினார். குழாயை ஏரி நீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ரப்பர்த் துண்டை ஒட்டினார். எல்லாம் முறைப்படியே நடந்தது. காற்றடிக்கத்தான் முடியவில்லை. கொண்டுபோயிருந்த கைப்பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கிப்போய், அழுத்தினால் காற்று சக்கரத்துக்குப் போகாமல் அழுத்துகிறவர் முகத்துக்கே திரும்பி வந்தது. இவ்வளவு காற்று நான்கு புறமும் வீணாக அடித்துக்கொண்டிருக்க, ஒரு குழாய்க்குள் ஒரு பிடி காற்றைச் செலுத்த வழியில்லாமல் நாங்கள் நின்ற காட்சியைக் கல்கி எழுதியிருக்க வேண்டும். கடைசியில் ஐயாதான் அம்மாவின் தைலக்குப்பியைக் கேட்டு வாங்கி, வாஷரில் நாலு சொட்டு விட்டு ஊறவைத்தார். பம்பு வேலை செய்தது. பயணம் முடியும்வரை அந்தச் சக்கரத்தில் மூட்டுவலித் தைல வாசனை வீசிற்று.

இதற்குள் கரையெங்கும் மக்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். படித்துறைகளில் பெண்கள் மஞ்சளும் காதோலை கருகமணியும் வைத்துப் படைத்துக்கொண்டிருந்தார்கள். சிறுவர்கள் சப்பரம் இழுத்தார்கள். ஏழெட்டு வயதிருக்கும் ஒரு பையன் சப்பரத்தோடு எங்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்து, வென்று, சற்று தூரத்தில் காத்திருந்து மறுபடியும் வென்றான். ஒரு குடும்பத்தார் எங்கள் கோலத்தைப் பார்த்து இரங்கி அழைத்து உட்காரவைத்தார்கள். தேங்காய்ச் சாதம், புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம். பையன் அந்தக் குடும்பத்துப் பையன்தான் என்று பிறகு தெரிந்தது. தோற்றவர்களுக்கு விருந்து வைக்கும் குலம்!

இனி எழுதப்போவதை எழுதவேண்டுமா என்று எங்களுக்குள் பேச்சு நடந்தது. எழுதிவிடுவது என்று முடிவு செய்தோம்.

சாப்பாட்டுக்குப் பின் நாங்கள் நால்வரும் நீர்ப்பக்கம் படியில் உட்கார்ந்திருந்தோம். ஐயா சற்றுத் தள்ளிச் சாலைப்பக்கமாக ஒரு கல்லில், எங்களுக்கு இடது தோளைக் காட்டியபடி உட்கார்ந்து ஏரியின் வடகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பத்தாகியிருந்தது. சேனாதிபதியின் கணக்குப்படி அந்நேரம் காட்டுமன்னார்கோயிலில் இருந்திருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணங்களை அடுக்கினோம்: காற்று, முள், பம்பு, விருந்து. அப்புறம் எங்களுள் ஒருவர் (யாரென்று இங்கே எழுதப்போவதில்லை, மற்ற மூவரும் மறுக்கவில்லை என்பதால் நால்வருமே என்று கொள்க), "இருந்தாலும் ஐயாவைக் கூட்டிக்கிட்டுப் போறது சுமையைக் கட்டிக்கிட்டு மிதிக்கிற மாதிரிதான் இருக்கு" என்று சொன்னார். கேட்காத காதின் பக்கம் இருக்கிறோம் என்ற துணிச்சல். காற்று எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் வீசிக்கொண்டிருந்தது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

ஐயா எழுந்தார். விருந்து கொடுத்த அம்மையாருக்கு வணக்கம் சொன்னார். "கெளம்பலாமா?" என்று கேட்டு, எங்களுக்குக் காத்திராமல் ஏறிப் புறப்பட்டுவிட்டார். காலையிலிருந்து எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவர், நாங்கள் எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தில் முன்னே போனார். "சோறு வேலை செய்யுது" என்று சிரித்தோம்.

ஐயா எப்போதும் சாலையின் இடது ஓரத்தை ஒட்டியே போவார். நாங்களும் சாலையில் வருபவைகளும் கேட்கிற காதின் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு பழக்கம். லால்பேட்டைக்குச் சற்று முன்னால் பின்னாலிருந்து ஒரு பேருந்து எங்களை முந்திச் சென்றது. அது நெருங்கும்போதே ஐயா இன்னும் ஓரம் கட்டிக்கொண்டார். ஓட்டுநர்மேல் பிழையில்லை. ஆனால் பேருந்து வலப்பக்கம் வந்த அந்த இரண்டு நொடி, காற்றை அது முழுவதுமாக அடைத்துவிட்டது. காற்றை நம்பி வலப்பக்கம் சாய்ந்திருந்தவர், சாய்மானம் போய்த் தடுமாறி, கைப்பிடியை இடப்பக்கம் வெட்டினார். பேருந்து கடந்தது. காற்று மொத்தமும் திரும்பி வந்து அவரை அடித்தது. வண்டியோடு அவர் கரைச்சரிவில் இறங்கிப் போவதையும், நடுவழியில் வண்டி ஒரு புறமும் அவர் ஒரு புறமுமாகப் பிரிவதையும், வலது கையை முன்னே ஊன்றிப் புல்லில் விழுவதையும் நாங்கள் ஐம்பது அடி பின்னாலிருந்து பார்த்தோம்.

ஓடினோம். நாங்கள் இறங்குவதற்குள் எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "அறுபத்தஞ்சு" என்றார். பழுவேட்டரையரின் கணக்கு என்று விளங்கியதும் நாங்கள் பெரிதாகச் சிரித்தோம். பயம் தெளிந்த சிரிப்பு. வண்டியின் கைப்பிடி ஒருக்களித்திருந்தது. அதை முழங்காலுக்கிடையில் பிடித்து நிமிர்த்தினோம். அவர் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறிவந்து, "கொஞ்ச தூரம் நடப்போம்" என்றார். நடந்தோம். அவர் தம் வண்டியை இடது கையால் மட்டும் தள்ளிவந்ததை நாங்கள் பார்த்தோம். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

லால்பேட்டையை அடைகையில் குதிரைச்சேவகரின் அதே சக்கரம் மறுபடியும் தளர்ந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர் டயரை விரித்து உள்பக்கம் விரலால் ஒரு சுற்றுத் தடவினார். பாதியில் நிறுத்தி, இடுக்கியால் ஒரு முள்ளைப் பிடுங்கி எங்களிடம் கொடுத்தார். "ஒட்டுனது யாரு? ஒட்டு நல்லாத்தான் இருக்கு. முள்ள எடுக்காம ஒட்டி என்னாத்துக்கு?" என்றார். குதிரைச்சேவகர் அன்று முழுவதும் அந்த முள்ளைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பதவியைத் துறப்பதாகச் சொன்னார். வேறு ஆள் இல்லாததால் ஏற்கவில்லை. அவ்வளவு நேரமும் ஐயா கடை வாசலில், வலது கையைத் துண்டுக்குள் சுற்றி மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். காற்றுக்குத் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

உண்மை தெரிந்தது உடையார்குடியில். காட்டுமன்னார்கோயிலை அடைந்தபோது பதினொன்றரை. நடை சாத்துவதற்குள் அனந்தீசுவரம் கோயிலுக்குள் நுழைந்துவிட்டோம். ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சார்ந்தவர்களின் நிலங்களைப் பறித்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு. கதைக்குள் நாம் இருளிலும் பாதாளச் சிறையிலும் தேடிக்கொண்டிருக்கிற ஒரு கொலையின் பெயர்கள், வெயில் படுகிற கல்லில், வரிவரியாக! ஐயா கல்வெட்டு வாசிக்கும்போது எழுத்தின்மேல் வலது சுட்டுவிரலை ஓட்டிக்கொண்டே வாசிப்பார். கல்லைத் தொடாமல், ஒரு நூலிழை இடைவெளி விட்டு ஓட்டுவார். எங்களுக்கெல்லாம் வட்டெழுத்தும் கிரந்தமும் கொஞ்சம் பழகியது அந்த விரலைப் பின்தொடர்ந்துதான். அன்று அவர் இடது விரலை ஓட்டினார். அது தடுமாறியது. மூன்றாவது வரியில் வாசிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க படிங்க தம்பி" என்றார்.

திருமந்திர ஓலைதான் துண்டை மெல்ல விலக்கினார். மணிக்கட்டு இளநீர்க்காய் போல் வீங்கியிருந்தது.

மருத்துவர் எலும்பு முறியவில்லை என்று சொல்லி இறுக்கிக் கட்டுப்போட்டார். இரண்டு வாரம் அந்தக் கையால் ஒரு தம்ளர்கூடத் தூக்கக்கூடாது என்றார். 66 வயதில் ஆடிக்காற்றில் சைக்கிள் எதற்கு என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். "வந்தியத்தேவன்..." என்று சேனாதிபதி ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்து, ஐயாவைப் பேருந்தில் சிதம்பரத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்தோம். ஐயா எங்கள் முடிவைக் கேட்டுக்கொண்டார். "நான் போவமாட்டேன். அம்பத்தாறு வருஷம் கழிச்சு மொத அத்தியாயத்துக்கு வந்திருக்கேன். அஞ்சாவது அத்தியாயத்துல எறக்கி விடறீங்களா?" என்றார். அப்புறம் புரவுவரியின் வண்டிக் கேரியரைத் தட்டிப் பார்த்து, இருபுறமும் கால்போட்டு ஏறி உட்கார்ந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப உண்மையிலேயே சுமைதான். மிதிங்க."

ஒருவரும் பேசவில்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எங்களுள் ஒருவர் குனிந்து, அவசியமில்லாமல் செருப்பு வாரைச் சரிசெய்தார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அதுதான். நாங்கள் கேட்கவில்லை. மிதித்தோம்.

காட்டுமன்னார்கோயிலுக்குப் பின் காற்று எதிர்க்காற்றாயிற்று. ஒருவர் ஐயாவைக் கேரியரில் வைத்து மிதிக்க, இன்னொருவர் தம் வண்டியை ஓட்டிக்கொண்டே ஐயாவின் ராலேயை ஒரு கையால் பிடித்து உடன் ஓட்டிவர, மற்ற இருவர் பின்னால் வருவார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொண்டோம். மேலக்கடம்பூர் போகத் திரும்பும் யோசனை கைவிடப்பட்டது. அங்கே கருவறையையே தேராகச் செதுக்கிக் கல்லிலே சக்கரம் வைத்திருக்கிறார்கள் என்று ஐயா சொன்னபோது, "அதுக்குப் பஞ்சர் ஆவாது" என்று குதிரைச்சேவகர் பெருமூச்சுவிட்டார். கங்கைகொண்ட சோழபுரமும் கைவிடப்பட்டது. அதற்கு ஐயா கொடுத்த காரணம் அருமையானது: வந்தியத்தேவன் போனபோது அந்த ஊர் கிடையாது; இராசேந்திரன் இன்னும் பிறக்கவேயில்லை!

வழிநெடுக ஐயா கதை சொல்லிக்கொண்டே வந்தார். கடம்பூர் மாளிகையில் குரவைக் கூத்து நடந்த இரவிலிருந்து ஆரம்பித்தார். சொன்னார் என்றுதான் நாங்கள் அறிகிறோம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எதிர்க்காற்றில், கேரியரில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது முன்னால் மிதிப்பவர் காதில் விழாது. காற்று அதைப் பின்னால் கொண்டுபோய்விடும். அவர் முதுகுக்கு அரை முழத்தில் கதை நடக்கும். அவருக்குக் காற்றின் இரைச்சலும் தம் மூச்சிரைப்பும்தான் கேட்கும். பத்தடி பின்னால் வருகிறவர்களுக்கோ ஒரு சொல் தவறாமல் கேட்கும். அவர்கள் சிரிப்பார்கள். மிதிப்பவர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மிதிப்பார். முறை மாறியதும் அவர் பின்னுக்கு வந்து, "எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்பார். கொள்ளிடத்து ஓடத்தில் ஆழ்வார்க்கடியானுக்கும் சைவருக்கும் நடக்கிற வாய்ச்சண்டையைச் சேனாதிபதி இழந்தார். அதை ஐயா இரண்டு குரலில் நடித்துச் சொன்னாராம். மறுபடியும் சொல்லச் சொல்லி அன்றிரவு கெஞ்சிப் பார்த்தார். "ஓடம் போயிடுச்சு தம்பி" என்றுவிட்டார் ஐயா.

அணைக்கரையை ஐந்து மணிக்கு அடைந்தோம். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டுவித்த கீழணை. பாலம் குறுகலானது. இரு பக்கமும் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்க, நாங்கள் இறங்கி வண்டிகளைத் தள்ளிக்கொண்டே கடந்தோம். கீழே கதவணைகளின் வழியே செந்நிற நீர் ஓசையோடு விழுந்துகொண்டிருந்தது. ஐயா தம் ராலேயைத் தாமே தள்ளுவதாகச் சொல்லி, இடது கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். நடுப்பாலத்தில் நின்று நீரைப் பார்த்தார். எங்களுள் ஒருவர் அவருடைய வலப்பக்கம், கேட்கிற காதுப்பக்கம், போய் நின்றுகொண்டு, "ஐயா, காலையில..." என்றார்.

"மீன் வறுக்கற வாசன வருது பாருங்க" என்றார் ஐயா. "வந்தியத்தேவன் சாப்ட்டுருப்பான். நாமளும் டீயாவது குடிப்போம்."

திருப்பனந்தாளைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. எங்கள் வண்டிகளில் விளக்கில்லை. காலியாக உடன் வந்த ராலேயின் டைனமோவைத்தான் சக்கரத்தோடு சேர்த்துவிட்டோம். ஆளில்லாத வண்டி விளக்கெரிய முன்னே செல்ல, ஐந்து பேர் நான்கு வண்டிகளில் பின்தொடர்ந்தோம். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, நாங்கள் கடந்துபோகும்வரை எங்களையே பார்த்தார்.

ஒன்பதரை மணிக்குக் கும்பகோணம். விடுதிக்குப் போகும் சந்தில் உண்மையாகவே ஒரு சோதிடர் பலகை தொங்கியது, பூட்டியிருந்தது. புரவுவரி அன்றைய கணக்கை வாசித்தார்: தேநீர் 23, பஞ்சர் 1, கட்டுப்போட்டது, வாழைப்பழம். வந்தியத்தேவனைவிட நாங்கள் வேகமாக வந்தோமா என்ற ஆய்வு முடிவை ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் தொலைபேச வேண்டும். விடுதிக்கு எதிரே, அந்நாளில் தெருவுக்குத் தெரு இருந்த மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத்து ஒன்று திறந்திருந்தது. கை விஷயத்தை அம்மாவிடம் சொல்லக்கூடாது, நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வழியிலேயே ஐயா எங்களிடம் உறுதிமொழி வாங்கியிருந்தார். ஒரே நாளில் இரண்டு உறுதிமொழி. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். ஐயா கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்து, இடது கையால் எண்களை அழுத்தி, இடது கையால் கருவியை எடுத்து, இடது காதில் வைத்துக்கொண்டார்.

"வந்து சேந்துட்டோம்... கும்பகோணந்தான்... ஒண்ணுமில்ல, காத்துதான் கொஞ்சம் ஜாஸ்தி... என்னது?... கொஞ்சம் சத்தமாச் சொல்லு... என்ன?... லைன் சரியில்ல போலருக்கு... என்ன கேக்கற?"

மூன்றாவது 'என்ன'வுக்குப் பிறகு மறுமுனையில் ஒரு கணம் அமைதி. பிறகு அம்மாவின் குரல் கருவியைத் தாண்டி, கண்ணாடிக் கதவைத் தாண்டி, படியில் நின்றிருந்த எங்கள் நால்வருக்கும் தெளிவாகக் கேட்டது.

"வலது கைக்கு என்ன ஆச்சு?"

ஐயா எங்களைத் திரும்பிப் பார்த்தார். கதவைக் காலால் தள்ளித் திறந்து, கருவியை வெளியே நீட்டினார்.

"தம்பி, சேனாதிபதி, உங்களத்தான் கூப்புடறாங்க."

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. புரவுவரிகூட அதைப் பார்க்கவில்லை.